கொல்லையில் ஒரு வீடு: பிளானை வாங்கலாமா, வரையச் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. வடக்குப் பார்த்த ஓட்டு வீடு. மனை 30 அடி அகலம், 165 அடி நீளம். வீடு போக, பின்னால் 85 அடிக் கொல்லை. வீட்டிலிருந்து 20 அடி தள்ளிக் கிணறு, மூன்று தென்னை, கடைசியில் வாய்க்கால். முன்வீட்டைச் சின்ன மகனுக்குக் கொடுத்துவிட்டு, கொல்லையில் எங்கள் இருவருக்கும் மட்டும் சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள நினைக்கிறோம். கணவருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. கலிபோர்னியாவில் இருக்கும் பெரிய மகன், அங்கே கொல்லைப்புற வீடுகளுக்கென்றே விற்கிற ரெடிமேட் பிளான் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். 26-க்கு 20 அடி. படத்தில் அழகாக இருக்கிறது. மேஸ்திரியோ தன் செல்போனில் இருக்கும் பிளானே போதும், சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்கிறார். மன்னார்குடியில் ஒரு இன்ஜினீயர் இடத்தைப் பார்த்துப் புதிதாக வரைந்து தர 35,000 ரூபாய் கேட்கிறார். சித்திரை வாஸ்து நாளில் பூமிபூஜை போட ஆசை. 500 சதுர அடி வீட்டுக்குத் தனி பிளான் அவசியம்தானா?

பதில்:

டீச்சர், வணக்கம். 'சின்ன வீடு' என்று எழுதாமல் 'சிறியதாக ஒரு வீடு' என்று எழுதியிருக்கிறீர்களே, தமிழாசிரியை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

முதலில் கணக்கு. 26-க்கு 20 என்றால் 520 சதுர அடி. மேஸ்திரி சொல்லும் விலைக்குப் பதினொரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் ஆகிறது. 35,000 அதில் நூற்றுக்கு மூன்று கூட இல்லை. அதனால் பணத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அந்த மூன்று ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. சில மனைகளில் ஒன்றும் கிடைக்காது. வல்லம் பக்கம் செம்மண் தரையில், லேஅவுட் போட்ட சதுர மனையில், சுற்றிலும் இடம் விட்டுக் கட்டுகிறவர் என்னிடம் வந்தால், நல்ல ரெடிமேட் பிளான் ஒன்றைக் காட்டச் சொல்லி, கம்பிக் கணக்கை மட்டும் சரிபார்த்து அனுப்பிவிடுவேன். உங்கள் மனை அப்படிப்பட்டது இல்லை.

பெரிய மகன் அனுப்பிய பிளானைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊருக்கு அது நல்ல ஏற்பாடு. கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்த பிளான்களை ஊர் நிர்வாகங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் போட்டு, 2025 ஜனவரி 1 வரை கெடு கொடுத்தார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் 30 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். ஆக, அங்கே ரெடிமேட் பிளான் வாங்குகிறவர் படத்தோடு பாதி அனுமதியையும் சேர்த்து வாங்குகிறார். நீங்கள் வாங்கினால் படம் மட்டும்தான். இன்னொன்று, அங்கேயும் வீடு மனையில் எங்கே உட்காருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதை அந்தந்த இடத்துக்கு வரைந்துதான் கொடுக்க வேண்டும்.

அதைத் திறந்து சுவர் கனத்தைப் பாருங்கள். மரச்சட்டம் நிறுத்தி, நடுவில் பஞ்சு மாதிரி வெப்பத்தடை வைத்து, இரண்டு பக்கமும் பலகை அடிக்கிற சுவர்; மொத்தமே ஆறேழு அங்குலம். நம் செங்கல் சுவர் 9 அங்குலம், பூச்சோடு 10 வந்துவிடும். வெளி அளவு மாறாமல் நம் சுவரைப் போட்டால் ஒவ்வொரு அறையும் சில அங்குலம் சுருங்கும். கூடத்தில் தெரியாது. குளியலறையில் தெரியும். அங்கேதான் சாருக்கு இடம் வேண்டும். சுவரைத் தள்ளிப் போட்டுச் சரிசெய்யலாமே என்றால், அந்த நிமிடத்திலிருந்து அது வாங்கிய பிளான் இல்லை.

வெயிலும் அப்படித்தான். அந்த ஊர் பூமத்திய ரேகையிலிருந்து வெகு தூரம் வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்க நடுப்பகல் சூரியன் தெற்கேதான் நிற்கும். குளிருக்கு வெயில் உள்ளே வரட்டும் என்று தெற்கில் அகலமான கண்ணாடி, கையளவு இறவாரம். தஞ்சாவூர்ப் பக்கம் பூமத்திய ரேகையிலிருந்து கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கே, அவ்வளவுதான். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று அந்த ஊர்ப் பிளானில் போட்டிருப்பார்கள். நம் ஊரில் கோடைகாலம் பூராவும் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் வேண்டும். மேற்குச் சுவர் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ராத்திரி பத்து மணிக்கும் கை வைத்தால் சுடும்.

அடுத்து, 26 அடி அகல வீட்டை 30 அடி அகல மனையில் வைத்தால் பக்கத்துக்கு 2 அடி மிஞ்சும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில்சுவர் மூக்கில் இடிக்கும். திருப்பிப் போட்டு 20 அடியை அகலமாக்கினால் இடம் கிடைக்கிறது, ஆனால் வாசற்கதவு மதிலைப் பார்த்து நிற்கும். நம் பக்கத்துத் தெரு மனைகள் எல்லாமே இப்படித்தானே, தெருவிலிருந்து கொல்லைக்கு ரயில்பெட்டி மாதிரி. அந்த வடிவத்துக்குள் வெளிச்சம் கொண்டுவரத்தான் முற்றம் வைத்தார்கள். வேறொரு வடிவ மனைக்குப் போட்ட பிளானைக் கொண்டுவந்து இங்கே திணித்தால் காற்று எந்தப் பக்கம் நுழையும்?

இதெல்லாம் தரைக்கு மேலே. நான் பயப்படுவது தரைக்குக் கீழே.

உங்கள் ஊர் பழைய டெல்டா, களிமண். சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் கை விடலாம் போல இருக்குமே, அதே மண்தான் கொல்லையிலும். ஐப்பசி, கார்த்திகையில் ஊறி உப்பும். வருடத்துக்கு ஒருமுறை மூச்சு விடுகிற இந்தத் தரை, லேசான ஒற்றைத் தளக் கட்டடத்தைச் சுலபமாகத் தூக்கி இறக்கும். மாடி வீட்டைவிடச் சிறிய வீட்டுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். கனம் இல்லை, அமுக்கி உட்கார முடியாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே மாதிரி வீடு கேட்டார்கள். அண்ணனுக்கு வல்லத்தில் மனை, தம்பிக்குக் கொரடாச்சேரிப் பக்கம். அண்ணனுக்கு வரைந்த பிளானையே அஸ்திவாரம் உட்பட அப்படியே தம்பிக்கும் கொடுத்தேன். பங்குனியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது களிமண் கல் மாதிரி இருந்தது. இதைவிடக் கெட்டித் தரை வேண்டுமா என்று கொத்தனாரிடம் நானே சொன்னேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது ஜன்னல் மூலைகளிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறியிருந்தது. கழிப்பறைக் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு மூடவில்லை. பூசிக் கொடுத்தேன், அடுத்த கோடையில் மறுபடி திறந்துகொண்டது. வல்லத்து வீடு இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. ஒரே பிளான், ஒரே கொத்தனார். மண் வேறு.

மேஸ்திரி செல்போனில் இருப்பது அப்படி ஒரு வல்லத்துப் பிளானாக இருக்கலாம். அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கட்டும், மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று செல்போன் சொல்லாது. கட்டப்போகும் இடத்திலேயே துளை போட்டு மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்பதோடு, ஊறினால் எவ்வளவு உப்பும் என்ற சோதனையும் வேண்டும் என்று சேர்த்துக் கேளுங்கள். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். உப்புகிற மண் என்று வந்தால் அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் இறக்கும் காங்கிரீட் தூண்) போட்டு, மேலே பீமால் கட்டுவது நம்பகமான வழி. ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்காக வளர்த்தெடுத்த முறை அது. வெயிலும் மழையும் எட்டாத ஆழத்துக்கு, கிட்டத்தட்ட மூன்றரை மீட்டருக்காவது, இறங்கிப் பிடித்துக்கொள்ளும். செலவு கூடும்தான். அறைக்குள் தரை நிரப்ப அதே கொல்லை மண்ணைப் போடாமல் கிராவல் அடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் சிக்கலாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். சாரின் முழங்கால்.

கொல்லை தெருவைவிடத் தாழ்ந்திருக்கும், பின்னால் வாய்க்கால் வேறு. வெள்ளம் உள்ளே வராமலிருக்க பேஸ்மட்டம் இரண்டு, இரண்டரை அடியாவது உயர வேண்டும். முழங்காலுக்கோ படியே கூடாது. சரிவுப்பாதை போடலாம், ஆனால் ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. இரண்டரை அடி ஏற 30 அடி. ரெடிமேட் பிளானில் வாசலில் ஒரே ஒரு படி போட்டிருப்பார்கள். அது புல்தரைக்குப் போட்டது.

உங்கள் மனையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. முன்வீட்டின் பின்கட்டுத் தரை கொல்லையைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் இரண்டு அடியாவது இருக்கும். புதிய வீட்டின் தரையையும் அதே மட்டத்தில் வைத்து, இரண்டையும் 4 அடி அகலத்தில் ஒரு தாழ்வாரத்தால் இணைத்துவிடலாம். கிணற்றைச் சுற்றி ஒதுங்கிப் போகட்டும். மேலே ஓடு, ஒரு பக்கம் கைப்பிடி. படி இறங்காமல், மழையில் நனையாமல், சார் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய்வருவார். உங்களுக்கு முடியாத நாளில் முன்வீட்டிலிருந்து காப்பி சூடாக வரும். அதற்கு முன்வீட்டின் தரைமட்டம் வரைபடத்தில் இருக்க வேண்டும். இடத்துக்கு வந்து மட்டம் பார்க்காத எவராலும் இதை வரைய முடியாது. தெருவில் இறங்க வாசலில் தனியாக ஒரு சரிவு வேண்டியிருக்கும். திண்ணையில் பாதியை எடுக்க வேண்டிவரலாம். அதைச் சின்ன மகனோடு பேசிக்கொள்ளுங்கள்.

குளியலறைக் கதவு 3 அடி இருக்கட்டும்; கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற இரண்டரை அடிக் கதவு வேண்டாம். உள்ளே குறுக்கும் நெடுக்கும் 5 அடி காலியிடம் இருந்தால் ஒரு காலத்தில் சக்கர நாற்காலி வந்தாலும் திரும்பும். கைப்பிடிக் குழாய் வரும் இடத்தில் சுவருக்குள் காங்கிரீட் வைத்துவிட வேண்டும். பிறகு டைல்ஸில் துளை போட்டு மாட்டினால் ஆள் பாரத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வரும். அறைக்கும் குளியலறைக்கும் தரை ஒரே மட்டம், தண்ணீர் வடியச் சரிவு மட்டும்.

அடுத்தது கழிவுநீர். இதை எந்தப் பிளானிலும் ஒரு மூலையில் சின்னச் சதுரமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 60 அடி என்று வையுங்கள். உங்கள் கிணறு வீட்டிலிருந்து 20 அடியில். 60 கூட்டினால் 80. கொல்லையே 85 அடி. மிச்சமுள்ள 5 அடியில் குழி வெட்டினால் அது வாய்க்காலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக் கிணறுகளும் கணக்கில் உண்டு. சரி, எங்கேயோ வெட்டிவிட்டோம் என்றே வையுங்கள். களிமண் தண்ணீரை உறிஞ்சாது, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், குழி நிரம்பித் திரும்பி வரும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் தொட்டியை அந்த நேரத்தில் காலியாக வைத்தால் படகு மாதிரி கிளம்பிவிடும். உங்கள் இடத்துக்குக் காங்கிரீட் செப்டிக் டேங்க், அதையடுத்து ஜல்லி நிரப்பிய வடிகட்டித் தொட்டி, அதிலிருந்து வரும் தண்ணீருக்குத் தரைக்கு மேலே எழுப்பிய மணல்பாத்தியில் கல்வாழை என்று போவது நல்லது. டேங்க் காலி செய்ய வரும் லாரியின் குழாய் எட்டுகிற இடமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரை வழியாக லாரி வருமா?

லாரி என்றதும் ஞாபகம் வருகிறது. செங்கல், மணல், ஜல்லி, கம்பி எல்லாம் எப்படிக் கொல்லைக்குப் போகும்? ரேழி வழியாகத் தலைச்சுமையாகத்தான் என்றால் மேஸ்திரியின் 2,300 அதைச் சேர்த்த விலையா என்று இப்போதே கேளுங்கள். பைலும் கிராவலும் தாழ்வாரமும் அதில் சேராது என்று நினைக்கிறேன்.

அனுமதி விஷயம். 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது, எந்தப் பிளானாக இருந்தாலும் ஆகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனைக்கு, அதில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் கட்டடத்துக்கு. உங்கள் மனை 4,950. வழக்கமான வழியில்தான் போக வேண்டும். பழைய வீடு, கிணறு, புதிய வீடு, சுற்றிலும் விடும் இடம் எல்லாம் அளவோடு வரைந்த மனை வரைபடம் வேண்டும். நீர்நிலை ஓரம் கட்டுவதற்குத் தனி நிபந்தனை உண்டு. வாய்க்கால் கரையில் எது உங்கள் பட்டா, எது புறம்போக்கு என்று சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். பிளான் வரைவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்வீட்டைச் சின்ன மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதும்போது, கொல்லை வீட்டுக்குப் போகும் பாதை, தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், கரண்டு வயர் இவற்றுக்கான உரிமையை அடிக்கணக்கோடு பத்திரத்தில் எழுதி, அதே மனை வரைபடத்தை இணைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைமேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. வீடு கை மாறலாம், பேரன் காலத்தில் பாகம் பிரியலாம்.

ஆக, மன்னார்குடி இன்ஜினீயரிடமே போங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் 35,000-க்கு என்னென்ன தருவார் என்று எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அறைகளின் படம் ஒன்று மட்டும் என்றால் அந்தப் பணம் அதிகம். அதற்கு மகன் அனுப்பியதே போதும். மண் சோதனையைப் பார்த்து வரைந்த அஸ்திவாரம், கம்பி விவரம், மட்டங்களோடு மனை வரைபடம், குறுக்குவெட்டுப் படம், கழிவுநீர், தண்ணீர், கரண்டு வரைபடங்கள், பொருள் அளவோடு எஸ்டிமேட், அப்புறம் வானம் தோண்டும்போதும் கம்பி கட்டும்போதும் நேரில் வந்து பார்ப்பது. இவ்வளவும் தருவார் என்றால் பேரம் பேசாமல் கொடுங்கள். மண் சோதனைக் கூடத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கும்.

மகன் பிளானைத் தூக்கிப் போட வேண்டாம். அதையும் எடுத்துப் போய் அதில் உங்களுக்கு எது பிடித்தது என்று காட்டுங்கள். படுக்கையிலிருந்தே சமையலறை தெரிகிறதா, ஜன்னலோரம் படிக்க ஒரு மேடை இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள். நானாக இருந்தால் 17 அடி அகலம், 31 அடி நீளம் என்று மனைக்கு ஏற்ற நீளவாக்கில் போட்டு, கிழக்கே 9 அடியைத் தாழ்வாரத்துக்கும் காற்றுக்கும் விட்டிருப்பேன். தென்கிழக்கில் சமையல், தென்மேற்கில் படுக்கை அறை, அதன் தெற்கு ஜன்னல் வாய்க்காலைப் பார்த்து, கொசுவலையோடு. மேற்குச் சுவர் நெடுக அலமாரி வைத்தால் சூடு கொஞ்சம் தணியும். மனையடி பார்ப்பவர்களாக இருந்தால் உள்அளவு என்ன வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரைந்து முடித்த பிறகு 12 அடியை 11 ஆக்கச் சொன்னால் எல்லாம் நகரும். தென்னை மூன்றில் கூரைக்கு மேல் சாய்ந்தது இருந்தால் அதை எடுத்துவிடுவது நல்லது. 2018 நவம்பரில் கஜா வந்துபோனதை நம் பக்கத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

உங்கள் கடிதம் மாசியில் வந்திருக்கிறது. சித்திரை வாஸ்து நாளுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. மண் சோதனைக்கும் வரைபடத்துக்கும் அது போதும். அனுமதி கையில் வராமல் வானம் தோண்டாதீர்கள். பூஜையை அன்றைக்கே போட்டுக்கொள்ளலாம். ஆனால் மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்துவிட்டார்கள் என்றால் சில நாளில் உங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், கொல்லையில் தோண்டிய குழியில் ஊற்று வரும். பேஸ்மட்டம் அதற்குள் முடிய வேண்டும். முடியாது என்று தோன்றினால் தை வரை தள்ளுங்கள்.

இன்ஜினீயர் முதல் வரைபடம் கொடுத்ததும் அதைத் தரையில் கோலமாவால் முழு அளவில் போடச் சொல்லுங்கள். கட்டில் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டிலையே கொண்டுபோய்ப் போடுங்கள். சார் கைத்தடியோடு கட்டிலிலிருந்து எழுந்து குளியலறைக் கோடு வரை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். எங்கே கோட்டை மிதித்தார் என்று குறித்துக்கொண்டு, அதை இன்ஜினீயரிடம் சொல்லுங்கள். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.